ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ் போதாது

“அமெரிக்காவில் ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ் இருந்தாலே ஆக்குபேஷனல் தெரபி அசிஸ்டென்ட் ஆகிவிடலாம்” என்று சிலர் சொல்வது தவறு. இதை நம்பி யாரும் பணம் கட்டிவிடாதீர்கள். ஆக்குபேஷனல் தெரபி என்பது நோயாலோ காயத்தாலோ அன்றாட வேலைகளைச் செய்ய முடியாதவர்களுக்கு அவற்றைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சை.

இங்கே இரண்டு வேலைகள் குழம்பியிருக்கின்றன. கருவிகளை எடுத்து வைப்பது, அறையை ஆயத்தப்படுத்துவது போன்றவற்றைச் செய்பவர் ‘எய்டு’. அதற்குப் பள்ளிப் படிப்பும் பணியிடப் பயிற்சியும் பெரும்பாலும் போதும். அசிஸ்டென்ட் அப்படியல்ல. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டைப் பொத்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் மறுபடி கற்றுக்கொடுப்பவர் அவர். தெரபிஸ்டின் மேற்பார்வையில், தெரபிஸ்ட் வகுத்த திட்டப்படி நோயாளிக்கு நேரடியாகச் சிகிச்சை தருகிறார். அத்தகைய கைகளுக்கு ஆறு மாதம் போதும் என்று சொல்வது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

அசிஸ்டென்ட் ஆக, இந்தத் துறைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான ஏ.சி.ஓ.டி.இ.யின் (ACOTE) அங்கீகாரம் பெற்ற படிப்பைத்தான் முடிக்க வேண்டும். பெரும்பாலும் அது இரண்டாண்டு அசோசியேட் பட்டம். பாடங்களில் சிலவற்றை ஆன்லைனில் படிக்க முடியும்; களப்பயிற்சியை முடியாது. அதன் இரண்டாம் நிலை மட்டுமே முழுநேரக் கணக்கில் குறைந்தது 16 வாரம். மருத்துவமனை, பள்ளி, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் நேரில் செய்ய வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்கள் திணறுவது இங்கேதான். அந்த மாதங்களுக்கான வீட்டுச் செலவை முன்பே திட்டமிடுங்கள். பிறகு என்.பி.சி.ஓ.டி. (NBCOT) என்ற தேசியச் சான்றளிப்பு வாரியத்தின் தேர்வு, அதன்பின் மாநில உரிமம்.

சேருமுன் கல்லூரியின் விளம்பரத்தை நம்பாமல், ஏ.சி.ஓ.டி.இ. பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அங்கீகாரமில்லாத படிப்பை முடித்தவர்களுக்கு அந்தத் தேர்வை எழுதவே அனுமதி கிடையாது.