ஜன்னலோரம் என்று காசு வாங்கிவிட்டுச் சுவரைக் காட்டுகிறார்கள்

சென்னையிலிருந்து கோவைக்கு விமானம் தென்மேற்காக வருகிறது. நீலகிரியைப் பார்க்க வேண்டுமென்றால் வலப்பக்கம், ஏர்பஸ் 320இல் எஃப் இருக்கை. காலை விமானம் இன்னும் நல்லது. வெயில் கிழக்கிலிருந்து மலைமேல் விழும், நம் கண்ணும் கூசாது. இறக்கை மறைக்காமலிருக்க நடு வரிசைகளையும் தவிர்க்க வேண்டும்.

இத்தனையும் பார்த்து, கூடுதல் பணமும் கட்டிப் போய் உட்கார்ந்தால் தோளுக்கு நேராக வெறும் சுவர்! ஜன்னல் பாதி முன்சீட்டுக்காரருக்கு, பாதி பின்சீட்டுக்காரருக்கு. மேட்டுப்பாளையம் பக்கம் மலை எழும்பி நிற்கும் நேரத்தில் நான் கழுத்தை வளைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஜன்னல்களுக்கு இடையிலான தூரம் விமானம் கட்டும்போதே முடிவாகிவிடும். அப்புறம் நிறுவனங்கள் தங்கள் கணக்குக்கு இருக்கைகளை நெருக்கிப் போடுகின்றன, இரண்டும் எப்படிப் பொருந்தும்? போயிங் 737இல் ஏசி குழாய் போவதற்காக இறக்கைக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் ஜன்னலே வைப்பதில்லை. சரி, அதெல்லாம் தொழில்நுட்பக் காரணம். ஆனால் எந்த இருக்கைக்கு ஜன்னல் இல்லையென்று அவர்களுக்குத் தெரியாதா? ஏனுங்க, முன்பதிவிலேயே அதைச் சொல்லிவிட்டு, அந்தக் கூடுதல் பணத்தை வாங்காமல் இருந்தால் என்னங்க?