சுருங்கும் நட்சத்திரம் எங்கேயாவது நிற்குமா?

சிங்கப்பூரில் ஜேசியில் (ஜூனியர் காலேஜில்) படிக்கும் அண்ணன் மகன் கேட்டான்: “சித்தப்பா, சுருங்குற நட்சத்திரம் எங்கயாவது நின்னுதானே ஆகணும்?”

நியாயமான கேள்விதான். 1935-இல் லண்டனில் வானியலாளர் எடிங்டனும் இதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்று, நிறை அதிகமான நட்சத்திரம் சுருங்கிக்கொண்டே போகும் என்ற 24 வயது சந்திரசேகரின் கணக்கைச் சபையிலேயே கேலி செய்தார். (சந்திரசேகர் நம்ம சென்னை மாநிலக் கல்லூரிப் பையன். இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும்.)

அந்த விதி கிடைக்கவே இல்லை. அழுத்தம் கூடினால் தாங்கிவிடாதா என்றால், ஐன்ஸ்டைன் கணக்கில் அழுத்தமும் ஈர்ப்பைக் கூட்டும். தாங்க வந்தவனே சேர்ந்து அமுக்கினால் என்ன செய்வது? எட்டுச் சூரிய நிறை கருந்துளையானால் அதன் விட்டம் சுமார் 47 கிலோமீட்டர். சிங்கப்பூரின் மேற்குக் கோடி துவாஸிலிருந்து கிழக்குக் கோடி சாங்கி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே போன எதற்கும், மையத்தில் போய் முடிய அதிகபட்சம் ஒரு நொடியில் 8,000-இல் ஒரு பங்குதான் அவகாசம். உள்ளே மையம் என்பது ஓர் இடமே இல்லை, வரப்போகும் நேரம். நாளைக்குப் போகாமல் ஒதுங்க முடியுமா?

ஆனாலும் சிங்குலாரிட்டி (எல்லாம் ஒரே புள்ளியில் நசுங்கி அடர்த்தி முடிவிலி ஆகும் நிலை) உறுதி என்று அடித்துச் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1965-இல் கணித இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் நிரூபித்தது, ஒளிக்கதிரின் பாதை உள்ளே எங்கோ அறுந்துபோகிறது என்பதை. அடர்த்தி முடிவிலி ஆகிறது என்று அவர் நிரூபிக்கவில்லை. பாதை முடிவதாலேயே அங்கே சிங்குலாரிட்டி இருக்கிறது என்று ஆகிவிடாது என 2023-இல், 89 வயதில், சுழலும் கருந்துளைக்கான தீர்வைக் கண்ட ராய் கெர் கட்டுரை எழுதினார். அதை எல்லோரும் ஏற்கவில்லை. அதோடு, ஆற்றல் அடர்த்தி எதிர்மறையாகாது என்ற அனுமானத்தின் மேல்தான் பென்ரோஸின் தேற்றமே நிற்கிறது. குவாண்டம் உலகம் அதை மதிப்பதில்லை.

ஆக, சிங்குலாரிட்டி நிஜத்தில் இருக்காது என்பது என் கட்சி. அதற்காக விளிம்புக்கு வெளியிலேயே நட்சத்திரம் நின்றுவிடும் என்கிற கிராவாஸ்டார் கதையையும் நான் வாங்க மாட்டேன். எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளையின் நிறையை அதன் விளிம்புக்குள் அடங்கும் கன அளவால் வகுத்துப் பாருங்கள்: நாம் மூச்சுவிடும் காற்றைவிட அடர்த்தி குறைவு. அவ்வளவு மெலிசான இடத்தில் இயற்பியல் திடீரென்று மாற என்ன அவசியம்?

இதையெல்லாம் சொன்னதும் பையன் கேட்டான்: “அப்ப பரீட்சையில என்ன எழுதுறது?” சிங்குலாரிட்டி என்றே எழுதச் சொல்லிவிட்டேன்.