கரோலினா கொடுத்த விலை

ஏப்ரல் வந்து, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் டிராஃப்ட், அதாவது கல்லூரிப் பையன்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்ச்சி, நெருங்கினால் போதும், எல்லா அணி ரசிகர்களும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "எதைக் கொடுத்தாவது மேலே ஏறி அந்தப் பையனைத் தூக்குங்கப்பா." என் கருத்து இதற்கு நேர் எதிர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைத் தவிர வேறு யாருக்காகவும் அடுத்த வருடத்து முதல் ரவுண்டு பிக்கை, அதாவது ஆள் எடுக்கும் வாய்ப்பை, கொடுக்கக் கூடாது. குவார்ட்டர்பேக்கே என்றாலும், மற்ற இடமெல்லாம் ஓட்டையாக இருக்கும் அணி அந்த வேலையில் இறங்கவே கூடாது.

அமெரிக்கக் கால்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 32 அணிகள், 7 ரவுண்டுகள். போன சீசனில் அதிகம் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் காட்டி ஆளை இழுக்க முடியாது. எந்த அணி பெயரைச் சொல்கிறதோ அந்த அணியோடு மட்டும்தான் அந்தப் பையன் ஒப்பந்தம் பேச முடியும். 4 வருட ஒப்பந்தம், சம்பளமும் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே ஏறக்குறைய முடிவாகிவிடும். ஆக, அணிகள் கைமாற்றிக்கொள்ளும் 'பிக்' என்பது ஓர் ஆள் இல்லை. நாலு வருடம் மலிவாக ஒருவரை வைத்துக்கொள்ளும் உரிமை. முன்னால் உள்ள பிக்கை வாங்குவதுதான் மேலே ஏறுவது, விற்றுவிட்டுப் பின்னால் போவது கீழே இறங்குவது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பிக்குகளுக்கு ஒரு விலைப்பட்டியல் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனுக்காக, அந்த அணியின் பங்குதாரர்களில் ஒருவரான மைக் மெக்காய் போட்ட கணக்கு அது. முதல் பிக் 3000 பாயிண்ட், இரண்டாவது 2600, மூன்றாவது 2200, பத்தாவது 1300, முதல் ரவுண்டின் கடைசியான 32-வது 590. அதற்கு முன் நடந்த பரிமாற்றங்களில் அணிகள் என்ன கொடுத்து என்ன வாங்கின என்று பார்த்துப் போட்டது. அதாவது இது சந்தை விலை. அந்த இடத்தில் எடுக்கப்படும் ஆள் எவ்வளவு நன்றாக ஆடுவார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

இப்போது கரோலினா பாந்தர்ஸுக்கு வருவோம். 2023 மார்ச்சில் சிகாகோ பேர்ஸிடமிருந்து முதல் பிக்கை வாங்கினார்கள். கொடுத்தது: அந்த வருடத்து 9-வது பிக், 61-வது பிக், 2024 முதல் ரவுண்டு, 2025 இரண்டாம் ரவுண்டு, கூடவே எறிந்த பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர் டி.ஜே. மூர். பட்டியல்படி 9-வது 1350, 61-வது 292. இரண்டும் சேர்ந்து 1642. 3000-க்கு இன்னும் 1358 வேண்டும். அடுத்த வருடத்துப் பிக்கை ஒரு ரவுண்டு குறைத்து மதிப்பது லீக்கில் வெகுகால வழக்கம். அப்படிப் பார்த்தால் 2024 முதல் ரவுண்டு, நடு இரண்டாம் ரவுண்டு விலைக்கு, சுமார் 420. 2025 இரண்டாம் ரவுண்டு இரண்டு படி இறங்கி 60, 70 தேறும். மிச்சம் 870 சொச்சத்தை மூர் தலையில் கட்டினால், அவர் ஏறக்குறைய 19-வது பிக்குக்குச் சமம். காகிதத்தில் கணக்கு நேர். அன்றைக்கு யாரும் பெரிதாக முகம் சுளிக்கவில்லை.

பிறகு ஆட்டம் தொடங்கியது. அந்த முதல் பிக்கில் கரோலினா எடுத்த குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் அந்த சீசனில் 62 முறை பந்தோடு தரையில் சாய்க்கப்பட்டார். அணி 17 ஆட்டத்தில் 2 வெற்றி. லீக்கிலேயே கடைசி. அதனால் சிகாகோவுக்குக் கொடுத்திருந்த 2024 முதல் ரவுண்டு, 420 என்று மதிப்பிட்ட அதே பிக், முதல் பிக்காகவே வந்து நின்றது. 3000 பாயிண்ட். சிகாகோ அதில் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. 2025 இரண்டாம் ரவுண்டு 39-வது பிக்காக வந்தது, 510. கூட்டிப் பாருங்கள்: 1350, 292, 3000, 510. மொத்தம் 5152. அதற்கு மேல் மூர் வேறு, அவர் சிகாகோ போன முதல் வருடமே 96 பந்து பிடித்து 1364 யார்டு எடுத்தார். 3000 ரூபாய் சரக்குக்கு 5152 கொடுத்துவிட்டு, கொசுறாக வீட்டு மாட்டையும் அவிழ்த்துக் கொடுத்த கதை.

துரதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 'அடுத்த வருடத்துப் பிக் மலிவு' என்ற வழக்கத்திலேயே கோளாறு இருக்கிறது. முதல் பிக்குக்காக அலைவது பெரும்பாலும் நொந்துபோன அணிதான். நொந்துபோன அணி அடுத்த வருடமும் நொந்துபோக வாய்ப்பு அதிகம், அதுவும் அனுபவமில்லாத குவார்ட்டர்பேக்கை வைத்து ஆடும்போது. அப்படியானால் அதன் அடுத்த வருடத்துப் பிக் சராசரியைவிட விலை கூடியது என்றுதான் வைக்க வேண்டும். இவர்களோ குறைத்து வைக்கிறார்கள். மூர் விஷயம் இதைவிட மோசம். புதுக் குவார்ட்டர்பேக்குக்கு முதல் தேவை, அவசரத்துக்குப் பந்தை எறிந்தால் பிடிக்க நம்பகமான ஒரு கை. அந்தக் கையையே வெட்டிக் கொடுத்துவிட்டு அவரைக் களத்தில் இறக்கினார்கள். யங்கின் ஆட்டம் 2024-ன் பிற்பாதியில் தேறியது உண்மைதான். ஆனால் கொடுத்த விலை திரும்ப வராது.

"கான்சஸ் சிட்டி மட்டும் மேலே ஏறி குவார்ட்டர்பேக் மஹோம்ஸை எடுக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். எடுத்தார்கள். 2017-ல் பஃபலோ பில்ஸுக்கு 27-வது, 91-வது பிக்குகளோடு 2018 முதல் ரவுண்டையும் கொடுத்து 10-வது இடத்துக்கு ஏறினார்கள். வித்தியாசம் என்ன? அதற்கு முந்தைய சீசனில் அவர்கள் 12 ஆட்டம் வென்ற அணி. ஆடுவதற்கு அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித் இருந்தார். மஹோம்ஸ் ஒரு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து கற்றார். அவர்கள் கொடுத்த 2018 பிக் 22-வதாகத்தான் போய் விழுந்தது, 780 பாயிண்ட். மொத்தம் 1596 கொடுத்து 1300 வாங்கினார்கள். கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் குடி முழுகவில்லை.

நல்ல அணி ஏறினால் எப்போதும் சரியாக வரும் என்றும் சொல்ல மாட்டேன். சான் பிரான்சிஸ்கோ 2021-ல் 12-வது பிக், இன்னும் இரண்டு முதல் ரவுண்டு, ஒரு மூன்றாம் ரவுண்டு கொடுத்து மூன்றாவது இடத்துக்கு ஏறி குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸை எடுத்தது. இரண்டே வருடத்தில் ஒரு நாலாம் ரவுண்டு பிக்குக்கு அவரை டல்லாஸுக்கு அனுப்பிவிட்டார்கள். கை மாறிக் கை மாறி அதே டல்லாஸிடம் போன அந்த 12-வது பிக்கில் வந்தவர் தடுப்பாட்ட நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸ். சான் பிரான்சிஸ்கோ தலை தப்பியது எப்படி? 2022 டிராஃப்டின் ஆகக் கடைசி பிக்கில், 262-வதாக, குவார்ட்டர்பேக் பிராக் பர்டி கிடைத்தார். இதைத் திட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குவார்ட்டர்பேக்குக்கு மட்டும் ஏன் விலக்கு? 2018-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிக்கான குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டுக்கு 4 வருடத்துக்குச் சுமார் 3.27 கோடி டாலர், வருடத்துக்கு 82 லட்சம் போல. அதே வருடம் அனுபவமுள்ள குவார்ட்டர்பேக் மேட் ரயன் போட்ட ஒப்பந்தத்தின் சராசரி வருடத்துக்கு 3 கோடி. அதாவது குவார்ட்டர்பேக் தேறினால் சந்தை விலையில் கால்வாசிக்குக் கிடைக்கிறார். மிச்சப் பணத்தில் அவரைக் காக்கும் நல்ல டேக்கிள் இருவரை வாங்கலாம். இரண்டாவது பிக்கில் நியூயார்க் ஜயன்ட்ஸ் எடுத்தது பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியை. 4 வருடத்துக்கு 3.12 கோடி, வருடத்துக்கு 78 லட்சம். அந்தக் கோடையில் ரன்னிங் பேக் டாட் கர்லி கையெழுத்திட்ட உச்ச ஒப்பந்தமே வருடத்துக்கு 1.44 கோடிதான். ஆக, ஆடுவதற்கு முன்பே பார்க்லி பாதி விலையைத் தொட்டுவிட்டார். மிச்சமாகும் பணம் எங்கே? அதே டிராஃப்டில் 35-வது பிக்கில் இன்னொரு நல்ல ரன்னிங் பேக் நிக் சப் கிளீவ்லாந்துக்குப் போனார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வயிறு எரியும். பார்க்லி அருமையான ஆட்டக்காரர், அதில் எனக்குச் சண்டையே இல்லை. 2024-ல் 2005 யார்டு ஓடினார். ஆனால் அதற்குள் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டிருந்தார்.

பொருளாதாரக்காரர்கள் கேட் மாஸியும் ரிச்சர்டு தேலரும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவது 52 சதவீதம்தான். முதல் ரவுண்டில் 56. நாணயம் சுண்டுவதற்குப் பக்கத்தில் நிற்கிற எண். இதை எடுத்துக்காட்டி "முதல் பிக்கே தண்டம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு திருத்தம்: அவர்கள் ஆராய்ந்தது பழைய சம்பள முறையில். 2010-ல் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருடம், 7.8 கோடி. அடுத்த வருடம் புது ஒப்பந்த விதி வந்ததும் கேம் நியூட்டனுக்கு 4 வருடம், 2.2 கோடி. முதல் பிக் இப்போது தண்டம் இல்லை. ஆனால் ஆளைக் கணிக்கும் திறமை அதனால் கூடிவிடவில்லையே. 52 சதவீதம் என்பது சம்பளத்தைப் பற்றிய எண் இல்லை.

ஆளைக் கணிப்பது இவ்வளவு கஷ்டம் என்றால், கீழே இறங்கிக் கூடுதல் பிக் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். சரி, கீழே இறங்குவது எப்படி? போர்டை, அதாவது எடுக்க நினைக்கும் ஆட்களின் பட்டியலை, 1, 2, 3 என்று வரிசையாகப் போடாமல், ஏறக்குறைய ஒரே தரமுள்ளவர்களைச் சேர்த்து அடுக்கடுக்காகப் போட வேண்டும். உங்கள் முறை வரும்போது ஒரே அடுக்கில் 5 பேர் மிச்சம் இருந்தால் 4 இடம் இறங்கலாம், அந்த ஐவரில் ஒருவராவது கட்டாயம் கிடைப்பார். 6 இடம் இறங்கினால் ஐவருமே போய்விடலாம், அங்கேதான் சறுக்குகிறார்கள். கூடுதலாக ஒரு மூன்றாம் ரவுண்டு கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு அடுக்குக்கு வெளியே போய் விழுவார்கள். இன்னொன்று, இறங்க வேண்டுமானால் ஏற ஆசைப்படும் ஆள் ஒருவர் வேண்டும். அவரை அந்த நேரத்தில் தேட முடியாது. முந்தின நாளே நாலைந்து அணிகளோடு பேசி, "இன்னார் மிச்சம் இருந்தால் இந்த விலை" என்று முடித்து வைத்திருக்க வேண்டும்.

நான் ஒப்புக்கொள்ளும் ஏற்றம் ஒன்று உண்டு: இரண்டாம் ரவுண்டிலிருந்து முதல் ரவுண்டின் கடைசிக்கு ஏறுவது. முதல் ரவுண்டு ஆளுக்கு மட்டும்தான் ஐந்தாவது வருடத்தை அணி தன் விருப்பப்படி நீட்டிக்கொள்ள முடியும். 2018-ல் பால்டிமோர் 52-வது, 125-வது பிக்குகளோடு அடுத்த வருடத்து இரண்டாம் ரவுண்டையும் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து 32-வது, 132-வது பிக்குகளை வாங்கியது. 32-ல் வந்தவர் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன். முதல் ரவுண்டு எதுவும் கையை விட்டுப் போகவில்லை. 2022-ல் அந்த ஐந்தாவது வருடத்தையும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

காசு கொடுக்காமல் பிக் சேர்க்கவும் வழி இருக்கிறது, ரசிகர்கள் கண்டுகொள்வதே இல்லை. ஒப்பந்தம் முடிந்து வெளியேறிய ஆட்கள், வாங்கிய ஆட்களைவிட அதிகமாக இருந்தால், அந்த இழப்புக்கு ஈடாக லீக் தரும் ஈட்டுப் பிக் கிடைக்கும். 3 முதல் 7-வது ரவுண்டுக் கடைசிகளில் வரும், ஓர் அணிக்கு அதிகபட்சம் 4. பழைய அணி கழற்றிவிட்ட ஆளை வாங்கினால் அது இந்தக் கணக்கில் சேராது. டிராஃப்ட் முடிந்த அடுத்த திங்கட்கிழமைக்குப் பிறகு வாங்கினாலும் சேராது. விவரமான அணிகள் மே மாதம் வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பது இதனால்தான். குவார்ட்டர்பேக் நட்சத்திரம் டாம் பிரேடி எடுக்கப்பட்ட 199-வது பிக்கே இப்படி வந்த ஈட்டுப் பிக்தான்.

கடிகாரத்தையும் மறக்கக் கூடாது. 2003-ல் மினசோட்டா வைகிங்ஸ் 7-வது பிக்கோடு கீழே இறங்கப் பேசிக்கொண்டிருந்தது. பேச்சு முடிவதற்குள், பெயர் சொல்லக் கொடுத்த 15 நிமிடமும் ஓடிவிட்டது. ஜாக்சன்வில் முந்திக்கொண்டது, பின்னாலேயே கரோலினாவும். வைகிங்ஸ் பெயரைச் சொன்னபோது அது 9-வது பிக். இறங்கியதற்கு ஒரு ஏழாம் ரவுண்டு பிக் கூடக் கிடைக்கவில்லை. எடுத்த ஆள் கெவின் வில்லியம்ஸ். சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் 5 முறை இடம் பிடித்தார்.