யுஜிஏ என்றால் எப்போதும் முற்றுப்புள்ளி அல்ல

எம்ஆர்என்ஏவில் (புரதம் செய்வதற்கான மரபணுச் செய்தியின் நகல்) யுஜிஏ என்ற மூன்றெழுத்துக் குறி வந்ததும் புரத உற்பத்தி நின்றுவிடும் என்று உங்கள் கட்டுரை ஒரே வரியில் சொல்லிவிட்டது. செலினியம் புரதங்களின் அழகே அந்த இடத்தில்தான் இருக்கிறது! அங்கே உற்பத்தி நிற்காமல், செலினோசிஸ்டீன் என்ற செலினியம் கொண்ட அமினோ அமிலம் சேர்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவில் அந்தக் குறியை ஒட்டியே எம்ஆர்என்ஏ கொண்டை ஊசி போல மடிந்திருக்கும். செல்-பி என்ற புரதம் ஒரு பக்கம் அந்த மடிப்பையும், மறுபக்கம் செலினோசிஸ்டீனைச் சுமந்து வரும் டிஆர்என்ஏ மூலக்கூறையும் பிடித்துக்கொண்டு, புரதம் கட்டும் ரைபோசோமில் சேர்க்கிறது. அப்புறம், அந்த டிஆர்என்ஏவில் முதலில் ஏறுவது செரைன் என்ற வேறொரு அமினோ அமிலம்தான். அங்கே இருக்கும்போதே செல்-ஏ நொதி அதைச் செலினோசிஸ்டீனாக மாற்றிவிடுகிறது. செலினியம் வருவது செல்-டி நொதி தயாரிக்கும் செலினோபாஸ்பேட் என்ற சேர்மத்திலிருந்து.

இத்தனை பாடும் வீணில்லை. இதே பாக்டீரியாவின் ஃபார்மேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியில் செலினோசிஸ்டீனுக்குப் பதில், செலினியத்தின் இடத்தில் கந்தகம் கொண்ட சிஸ்டீனை வைத்தால் நொதியின் வேகம் பல மடங்கு விழுந்துவிடுகிறது. அடுத்த பகுதியில் அதையும் விரிவாக எழுதுங்கள்.