கடும் வலிக்கான மார்பின் மருந்து கொடுத்தால் சாமி நினைப்பு போய்விடுமா?

வேலூர் பக்கம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "புற்றுநோய் முத்தினவங்களுக்கு மார்பின் குடுக்காதீங்க. நெனவு தப்பிடும், கடைசியில சாமி பேரு சொல்ல முடியாது. வலி கர்மவினை, அனுபவிச்சுதான் தீரணும்."

தவறு. மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி வலிக்கேற்பக் கூட்டித் தரும் மார்பின் நினைவைப் பறிப்பதில்லை, ஆயுளையும் குறைப்பதில்லை. முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பெரும்பாலும் தெளிந்துவிடும். மலச்சிக்கல்தான் விடாது, அதற்கும் கூடவே மருந்து உண்டு.

சாமியை மறக்கடிப்பது வலிதான். குடியாத்தத்தில் என் பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக் கிடந்தார். மாத்திரை தொடங்கி நாலாம் நாள், "விபூதி எங்கடா வச்ச?" என்றார். மாத்திரை அட்டையும் விபூதிப் பொட்டலமும் ஒரே தட்டில்தான் இருந்தன.

கடும் நோயில் வலியையும் துன்பத்தையும் தணிப்பதுதான் நோய்த்தணிப்புச் சிகிச்சை. அதற்கு உலக சுகாதார நிறுவனம் தரும் விளக்கத்திலேயே ஆன்மிகத் துன்பமும் சேர்த்தி. 1967-இல் லண்டனில் கடைசிக்கால நோயாளிகளுக்காக செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் காப்பகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் 'முழு வலி' (உடல், மனம், உறவு எல்லாம் சேர்ந்த வலி) என்று சொன்னதிலும் ஆன்மிகத் துன்பம் உண்டு. பூசாரியோ பாதிரியாரோ ஹஜ்ரத்தோ வரவேண்டுமென்றால் நர்சிடம் தயங்காமல் கேளுங்கள். தீர்த்தம் விடும்போது மட்டும் கவனம்: விழுங்க முடியாதவருக்குப் புரையேறும், உதட்டை நனைத்தால் போதும்.