கூரையிலேர்ந்து நாய் பூனை விழலைங்க

அயர்லாந்து கிராமத்து ஓலைக்கூரையில நாய் பூனை தூங்கும், மழை பெஞ்சா வழுக்கி விழும், அதான் கொட்டுற மழையை இங்கிலீஷ்ல 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'னு சொல்றாங்கன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தப்புங்க. அங்க அந்தக் காலத்துல கூரைக்கட்டை மேல புல்லோட வெட்டுன மண்பத்தையை விரிச்சு, அதுக்கு மேல வைக்கோலை நெருக்கி வேய்வாங்க, மேற்குக் கடலோரத்துல காத்துக்குப் பயந்து கயிறு போட்டு சுவத்துல நீட்டியிருக்குற கல்லுல இழுத்துக் கட்டுவாங்க, இதுல நாய் எங்க நுழையும்? மேற்குப் பக்கம் சில வீடுகள்ல அப்போ மாடு உள்ளயே, ஒரு கோடியில நின்னுச்சு, மறுகோடியில சதுப்பு நிலத்துல வெட்டிக் காயவச்ச கரிமண் கட்டி எரியுற அடுப்பு. இது நிஜம், இதைத்தான் ஃபார்வர்டு பண்ணிருக்கணும்! அந்த சொலவடை எங்கேர்ந்து வந்துச்சுன்னு உறுதியா தெரியாதுன்னு அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்லயே போட்டிருக்கு. பழைய அயர்லாந்து கிராம வாழ்க்கைக்கு மேயோ கவுண்டி டர்லோ பார்க்ல இருக்குற தேசிய மியூசியம் சைட்டைப் பாருங்க. அந்த நாய் பூனை ஃபார்வர்டு குரூப்ல வந்தா அனுப்பாம விட்டுடுங்க, ப்ளீஸ்.