பைப்பை வளைத்து மாட்டினால் ரோல் கேஜ் ஆகிவிடாது

ஞாயிற்றுக்கிழமை டிராக் ரேஸில் (நேர்ப்பாதை கார் பந்தயம்) நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், வீடியோ வாட்ஸ்அப்பில் குழுவுக்குக் குழு போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சிவப்பு சத்ரியா காரை, உள்ளே போட்டிருந்த ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஆளைக் காப்பாற்றும் பைப் கூண்டு) சரியில்லை என்று ஓடவிடாமல் திருப்பி அனுப்பியது சரிதான் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். இரண்டு நாளாகத் திட்டு விழுகிறது. பொறாமையாம். அந்தக் காரை ஓட்டும் நம்ம பையனை நானே அமுக்குகிறேனாம்.

அந்த கேஜில் வெல்டிங் பிடித்த இடத்தை எல்லாம் கிரைண்டரால் மழுங்கத் தேய்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். அழகுதான். ஆனால் வெல்டைத் தேய்த்தால் பிடிப்பு குறையும், உள்ளே ஓட்டை இருந்தாலும் பெயிண்ட் மறைத்துவிடும். அமெரிக்காவில் டிராக் ரேஸ் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் விதிப்படி வெல்டைத் தேய்க்கவே கூடாது. இந்த மாதிரி பழைய வண்டி கால் மைலை 11.49 விநாடியில் ஓடினாலே ரோல் பார் (சீட்டுக்குப் பின்னால் நிற்கும் வளைந்த பைப்) கேட்பார்கள், 9.99க்கு வந்தால் முழு கேஜ் கட்டாயம். பைப் 1.75 அங்குலம், சாதா இரும்பென்றால் கனம் 0.118 அங்குலம், அதாவது 3 மில்லி. குரோமோலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த உறுதியான எஃகு) என்றால் 0.083 போதும், ஆனால் டிக் (TIG) என்கிற வெல்டிங் முறையில்தான் அடிக்க வேண்டும்.

"அமெரிக்கக்காரன் விதி நமக்கு எதற்கு?" என்று ஒருவர் கேட்கிறார். அண்ணே, வண்டி உருண்டால் அங்கே நசுங்கும் பைப் இங்கேயும் நசுங்கும்.

என் மச்சான் வண்டி உருண்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவனும் கேஜ் போட்டிருந்தான். பைப்பின் காலை வெறும் தரைத் தகட்டில் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள், அடியில் பிளேட் இல்லை. 6 அங்குலச் சதுரத்தில் 3 மில்லி இரும்பு பிளேட், அவ்வளவுதான் வேண்டியது. வண்டியை நிமிர்த்திப் பார்த்தால், பிஸ்கட் டின்னில் ஆணி அடித்த மாதிரி பைப் தரையைக் குத்திக்கொண்டு வெளியே நிற்கிறது, மேல் பகுதி அவன் தலைக்கு இறங்கிவிட்டது. தலை படும் இடத்தில் பேடிங்கும் கிடையாது. உயிர் பிழைத்தான். இடது காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது, அவன் பிள்ளைகள் வலது பக்கம் வந்துதான் அப்பா என்று கூப்பிடுகிறார்கள்.

வெயிட் கூடுகிறது, டைம் போகிறது என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, போகட்டும். காசு இல்லை என்று சொல்கிறீர்களே, அது நியாயம். நல்ல கேஜுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) ஆகும், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓடும் பையன்களுக்கு அது பெரிய தொகை, எனக்குத் தெரியாதா? ஆனால் இந்த சத்ரியா பையன் டர்போவுக்குக் காசு புரட்டினான். டர்போ வாங்கக் கூட நின்ற கூட்டம், பிளேட் வெட்டிப் போடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அவனுக்காக என்னிடம் சண்டைக்கு வருகிறது.

இருபது வருடமாக கோலாலம்பூர் செந்தூலில் பட்டறை வைத்திருக்கிறேன். யார் வண்டி வேகமாக ஓடினாலும் முதலில் கைதட்டுபவன் நான். என்னைப் பார்த்துப் பொறாமை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

தம்பி, நீ என்னை ப்ளாக் செய்துவிட்டாய், யாராவது இதைக் காட்டுவார்கள். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வா. அந்த கேஜை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவோம். இரும்புக்கு மட்டும் காசு கொடு, கூலி வேண்டாம்.